மல்லாக்கூனிக்கு இடம் கேட்ட தவமணி டீச்சர்

உளுந்தூர்பேட்டையிலிருந்து தவமணி டீச்சரின் மகள் அழைத்தாள். "அம்மா காலையில போயிட்டாங்க சார். மல்லாக்கூனி சாருக்கு மொதல்ல சொல்லுன்னு ரெண்டு நாளா சொல்லிக்கினே இருந்தாங்க." அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அவரோடு பணியாற்றிய உங்களுக்கு, அவர் என்னைக் கூப்பிடும் அந்தப் பெயர் தெரியும். கதை பாதிதான் தெரியும்.

கள்ளக்குறிச்சிப் பள்ளியில் அவர் விலங்கியல், நான் வேதியியல். ஒரு மழைக்குப் பின், கல்வராயன் மலையடிவாரத்தில் பாறைமேல் தேங்கிய குட்டையில் அவர் அந்த உயிரியைக் கண்டார். கூனி எனும் சிறு இறால் போலிருக்கும்; நகத்தளவு; கண்ணாடி போன்ற உடல். கால்களை மேலே வைத்து மல்லாந்தே நீந்தும். அதனால் அவரே வைத்த பெயர்தான் மல்லாக்கூனி. தண்ணீர் நிற்கும் சில வாரங்கள்தான் அதற்கு வாழ்வு. குட்டை வற்றினால் முட்டைகள் மண்ணில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். "செத்த மண்ணுன்னு நெனைக்கிறோம் சார், தண்ணி பட்டா நீந்துது!" என்று ஆசிரியர் அறை மேசையைத் தட்டினார். சுற்றுவட்டாரக் குட்டைகளையெல்லாம் தேடினோம். வேறெங்கும் அது இல்லை.

அந்த ஒரே குட்டையைத் தூர்த்துக் கல்குவாரிக்கு லாரித் தடம் போட ஏற்பாடு நடந்தது. மனு கொடுத்தோம். "உயிரோட கொண்டாந்து காட்டுங்கம்மா, பாக்கலாம்" என்றார் அதிகாரி.

மறுநாளே இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் சாலை மறியல். பேருந்துகள் நின்றுவிட்டன. அடங்கட்டும் என்றேன். "தண்ணி காத்துக்கினு இருக்காது சார்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார். பின்னாலேயே நானும் போனேன். குட்டையில் முழங்கால் நீர்கூட இல்லை. ஆறு கூனிகளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே, போகும்போது இல்லாத ஒரு புளியமரம் வெட்டிப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை மறித்தார்.

"இன்னா டீச்சர் அது, ஜாடியில?"

டீச்சர் ஜாடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தார் அவர். கூட்டம் சேர்ந்துவிட்டது. டீச்சர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார்.

"நாங்க படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேட்டுக் குந்திக்கினு இருக்கோம். நீங்க கூனிக்கு எடம் கேக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. இதுக்கு அந்தக் குழிய வுட்டா போக்கெடம் இல்ல. நீங்களாச்சும் ரோட்டுல குந்திக் கேக்குறீங்க. இது எங்க குந்தும்?"

கூட்டத்தின் சிரிப்பொலி அடங்குவதற்குள் எங்கள் சைக்கிள்களை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டார்கள். பெரியவர் ஜாடியைத் தானே சுமந்து வந்து கொடுத்தார். "வெயிலு ஜாஸ்தி. ஈரத்துணி சுத்திக்கினு போங்க" என்று தன் துண்டை நனைத்துச் சுற்றினார்.

அலுவலகம் சேர்ந்தபோது இரண்டுதான் உயிரோடு இருந்தன. டீச்சர் பூதக்கண்ணாடியை நீட்டினார். அதிகாரி வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"இது வயித்தடியில ஒரு பை இருக்கே, அதுல என்னம்மா வச்சிருக்கு?"

"முட்டைங்க சார்! முட்டை!" டீச்சர் கத்திய கத்தலில் வாசலில் நின்ற காவலர் உள்ளே ஓடிவந்தார்.

லாரித் தடம் குட்டையை விட்டு விலகிப் போனது. அந்த இரண்டையும் குட்டையிலேயே கொண்டுபோய் விட்டோம்.

டீச்சரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இடையில் நல்ல மழை. நேற்று மலையடிவாரத்துக்குப் போய்க் குனிந்தேன். நீர் முழுக்கக் கூனிகள்! என் வயதில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, முன்பின் அறியாத பெண்ணை "ஓடியாங்கம்மா, ஓடியாங்க" என்று கூப்பிட்டேன். எதைக் கண்டாலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியாத அந்த அவசரம்தான் தவமணி டீச்சர் எனக்கு விட்டுப்போனது.

அந்தப் பெண் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "ஐய, மல்லாக்க இல்ல போவுது!" என்றார்.