பஸ் மாறினால் புதுப் பயணமா?

தொண்ணூறுகளின் கடைசியில் குரொய்டன் பஸ் நிலையத்தைச் சுற்றி ட்ராமுக்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் அங்கே ட்ராம்தான் ஓடியதாம். அதைக் கிளப்பிவிட்டு பஸ் விட்டார்கள். இப்போது பஸ்களை ஒதுக்கிவிட்டு மறுபடியும் ட்ராம். எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. அதனால் நான் முதல்நாளே தனியாகப் போய், ஆஸ்பத்திரி பஸ் பிடிக்க ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். விடிந்தபோது அந்த நிறுத்தத்துக்கும், இங்கே பஸ் நிற்காது என்று மஞ்சள் உறை மாட்டிவிட்டிருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் கைக்குழந்தைக்குக் காது கேட்கும் சோதனை. கூப்பிட்டால் மகள் திரும்புவதில்லை என்று எனக்குச் சந்தேகம். திரும்பினாலும், தற்செயலாகத் திரும்பினாளோ என்று சந்தேகம். அந்தத் தவணையைத் தவறவிட்டால் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

துணைக்கு வந்தவர் கணவரின் அக்கா, என் மச்சாள். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்று பத்து மணிக்கே எங்களை வீட்டைவிட்டு இறக்கிவிட்டார். முதல் பஸ்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிலையத்தில் இறங்கி, இடம் மாறியிருந்த இரண்டாவது பஸ்ஸைத் தேடிப் பிடித்தபோது பத்தரை தாண்டிவிட்டது. பக்கத்தில் றோட்டைத் துளைக்கும் இயந்திரம் அலறியது. மகள் தள்ளுவண்டியில் அசையாமல் தூங்கினாள்.

மச்சாள் ஏற மறுத்தார். இது புதுப் பயணமாம். பன்னிரண்டுக்குப் பிறகுதான் ஏறலாமாம். வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம்தான் கணக்கு என்றேன். சொன்ன கையோடு, அவர் சொல்வதுதான் சரியோ என்றும் யோசித்தேன். டிரைவர் கதவைத் திறந்து வைத்தபடி எங்களையே பார்த்தார்.

நாள் முழுக்க எந்த பஸ்ஸிலும் ஏறலாம் என்று வாங்கி வைத்திருந்த ஒருநாள் ட்ரவல்கார்டை நீட்டினேன்.

"மச்சாள், புதுப் பயணமெண்டால் புது டிக்கெட் கேப்பாங்கள். வெள்ளைக்காரனே இதை ஒரே பயணமெண்டுதான் வச்சிருக்கிறான்."

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"படிச்ச பிள்ளையள், எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருப்பியள்" என்று வலது காலை வைத்து ஏறினார். ஆனால் ஆஸ்பத்திரி வரும்வரை உட்காரவில்லை. உட்கார்ந்தால்தான் பயணம் தொடங்குமாம்.

சோதனை அறையில் தாதி மகளுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை மெல்ல அசைத்தார். மகள் திரும்பினாள். மறுபக்கம் அசைத்தார், அங்கேயும் திரும்பினாள். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அவள் கிலுகிலுப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதில் ஒரு குறையும் இல்லை, உங்களைத்தான் சட்டை செய்கிறாள் இல்லை என்றார் தாதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன்.

"அது தம்பியின்ரை குணம்" என்றார் மச்சாள். "அவனும் கூப்பிட்டாத் திரும்பமாட்டான்."