நம்ம ஆளுவளுக்கு ஏறாது

எங்கள் வீட்டு வழக்கில் குடிகாரன் என்றால் ரோட்டில் விழுந்து கிடப்பவன். நேராக நடந்து வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட்டுப் படுப்பவன் எவ்வளவு குடித்திருந்தாலும் குடிகாரன் இல்லை. என் தாத்தாவும் அப்பாவும் ஆயுளில் ஒருநாள்கூட விழுந்ததில்லை. இருவரும் ஈரல் கெட்டு அற்பாயுசில் போனார்கள். யாராவது கேட்டால் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிடுவோம்.

போன வருஷம் தம்பியைக் கண் மஞ்சளித்து, கை நடுங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அம்மா இந்த வழக்கை விடவில்லை. டாக்டர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகக் கேட்டார்: "வீட்டில வேற ஆருக்கெங்கிலும் குடி உண்டா?"

"ஐயோ, எங்க வீட்டுல அப்பிடி யாரும் கெடையாது டாக்டரே. இவன்தான் கூட்டாளிமாரோட சேந்து கெட்டான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணப் பேச்சென்றால் மூன்று தலைமுறையை ஒப்பிக்கிறவள், வைத்தியம் பார்க்கிறவரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். "அப்பா, தாத்தா ரெண்டு பேரும் குடிச்சுத்தான் போனாங்க டாக்டர்" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பிறகு, மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "குடிப்பாவ. ஆனா ஒரு குப்பி உள்ள போனாலும் ஆட மாட்டாவ. நம்ம ஆளுவளுக்கு ஏறாது, கேட்டியளா?" என்றாள் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதுதான் ஆபத்து என்றார். பலருக்கு இரண்டு கிளாசில் தலை சுற்றும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். சிலருக்கு உடம்பு அதைச் சொல்வதில்லை. சொல்லாததால் இன்னும் குடிக்கிறார்கள். அது சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. அதற்காகத் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம், தொடாமலே இருந்தால் தப்பலாம். ஆனால் உங்கள் மகனுக்கு இனி ஒரு சொட்டும் கூடாது.

எனக்கும் அதே ரத்தம்தான். பெண்ணாகப் பிறந்ததால் யாரும் எனக்கு ஊற்றித் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "குடும்ப மானத்த ஆஸ்பத்திரியில வித்துட்டியே மக்களே." வீடிருக்கும் கரமனை வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை அதே பாட்டு.

தம்பி அதன்பிறகு தொடவில்லை. ஆபீஸ்காரர்கள் கல்லாற்றில் குளிக்கக் கூப்பிட்டபோதுகூடப் போகவில்லை. அங்கே குளிக்கப் போகிறவர்கள் குளிக்க மட்டும் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். எரிச்சலோடு, நகத்தைக் கடித்துக்கொண்டு, வீட்டிலேயே கிடந்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது வந்தது ஆடி அமாவாசை. நாஞ்சில் நாட்டிலிருந்து எங்கள் முன்னோர் இந்த மலையாள மண்ணுக்குக் கொண்டுவந்த பழக்கங்களில் பாதி போய்விட்டது. செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் படைப்பது மட்டும் போகவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் அவியல், வறுத்த மீன், உளுந்தவடை. நடுவில் ஒரு கிளாஸ் பிராந்தி! அம்மா சித்தப்பாவைப் பிராந்திக் கடை வரிசையில் நிறுத்தி வாங்கியிருக்கிறாள். வீட்டில் யாருமே குடித்ததில்லை என்று சத்தியம் செய்தவள்!

"என்னம்மா இது? புத்தி இருக்கா?"

"சும்மா கெட. செத்தவியளுக்குக் கொடுக்கதுல என்ன? வருஷத்துக்கு ஒருநாளு."

செத்தவர்களுக்குக் கொடுப்பதோடு முடிந்தால் நானும் சும்மா கிடந்திருப்பேன். படைத்ததில் முதல் பங்கு மகனுக்கு, அதுதான் முறை. கும்பிட்டு முடிந்ததும் அம்மா அந்தக் கிளாசை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"ஒரு சொட்டு நாக்குல வையி மக்கா. இல்லேன்னா அப்பா பசியோட போவாவ. ஒண்ணும் ஆவாது, நம்ம ஆளுவளுக்குத்தான் ஏறாதே."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். தம்பியின் கண் கிளாசைவிட்டு நகரவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அம்மா, ஒரு சொட்டோட நிறுத்த எனக்கு முடியாதும்மா. முடிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன். நீ மொதல்ல அத உள்ள கொண்டு போ."

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள், பிறகு அப்பா படத்தைப் பார்த்தாள்.

"அப்போ இவியளுக்கும் முடியாமத்தானா?" என்றாள். "என்னைய வதைக்கணும்னே குடிச்சாவன்னு இத்தன வருஷமும் நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா பின்வாசலுக்குப் போய்த் தென்னை மரத்து மூட்டில் கிளாசைக் கவிழ்த்தாள். கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் ஒருநாளும் சொல்லத் துணியாததைச் சொன்னாள்.

"இது போதும்."