தாத்தாவுக்குப் பிடித்த பலகாரம்

பினாங்குத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி எங்கள் தகர டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பழுப்பு மாவைப் பேனாவால் குத்திப் பார்த்தார். முகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். அம்மா காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதை எண்ணெயில் இடுவதுபோலக் காட்டி, கடைசியில் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்துவிட்டார்கள். அது அதிரச மாவு. வெல்லப் பாகில் கிளறி வைத்தால் லேசில் கெடாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து அம்மா அந்த டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் நான். எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். தீபாவளிக்காக அப்பா, அம்மா, நான் மூவரும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே அம்மாவின் தம்பி இருந்தார். அம்மா அவரை அதுவரை பார்த்ததே இல்லை.

அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனார். திரும்பவில்லை. போன இடத்தில் இன்னொரு கல்யாணம், ஒரு பிள்ளை. அம்மாவைப் பெற்றவள் மூன்றாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமே செய்துகொள்ளாத தாய்மாமன்தான் அம்மாவை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தார். அதன்பிறகும் கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அவர் இறந்து ஓராண்டு கழித்து மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா காலமாகிவிட்டார், அவர் பெட்டியில் இந்த விலாசம் இருந்தது, நான் உங்கள் தம்பி, தீபாவளிக்கு நீங்கள் வந்து அப்பாவுக்குப் படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு அவர் மாமா முறை. ஆனால் எங்கள் வீட்டில் மாமா என்றால் அந்தத் தாய்மாமன்தான். அதனால் இவரை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்.

தன் அப்பாவைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவருக்கு அதிரசம் என்றால் உயிர். தாய்மாமன் சொன்னது அது. அதற்காகவே தீபாவளி தவறாமல் அதிரசம் சுடுவாள். முதல் அதிரசத்தை எடுத்துத் தனியாக வைத்து, "எங்க அப்பாவுக்குப் புடிக்கும்" என்பாள். இப்போது முதல்முறையாகத் தன் கையால் அவருக்குப் படைக்கப்போகிறாள். அவர் இலையில் அவருக்குப் பிடித்தது இருக்க வேண்டும். கடல் தாண்டி வந்தது அதற்குத்தான்.

தோட்டத்தில் கால் வைத்ததிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடியது. அப்பா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைக்க மறுத்துவிட்டார். மணி கேட்டால் ஊர் மணியைச் சொல்லி, அதுதான் சரியான மணி என்றும் சேர்த்துச் சொல்வார். எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் பாதி புரியவில்லை; பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' வேறு. "பாசார் போயிட்டு வந்துடறேன் லா" என்று கிளம்பிய தம்பி, கறியும் மீனுமாகத் திரும்பியபோதுதான் பாசார் என்றால் சந்தை என்று விளங்கியது. எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படைப்பது பொங்கலை ஒட்டி. இங்கே தீபாவளிக்கு முதல் நாளே படையல். விடிந்தால் புதுத்துணி, பட்டாசு, வாசலில் சீனரும் மலாய்க்காரரும் விருந்துக்கு வருவார்களாம். ஆனால் இன்றைக்குச் சாவு வீட்டு முகத்தோடு இருப்பதா, பண்டிகை முகத்தோடு இருப்பதா? யாரும் சொல்லவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் திருதிருவென விழித்துக்கொண்டிருந்தேன்.

மாலை நாலு மணிக்கு, அப்பாவின் கணக்கில் இரண்டுக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தம்பி வீட்டு முன்னறையில் இரண்டு வாழையிலைகள் போட்டார்கள். ஒன்று தாத்தாவுக்கு, மற்றது அவருடைய இரண்டாம் மனைவிக்கு. அந்த அம்மாள் அவருக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். சுவரில் இரண்டு படங்களும் மாலையோடு தொங்கின. ஒல்லியான, சாதுவான ஒருவரை அம்மா மனதில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. படத்தில் இருந்தவர் நல்ல தாட்டியான ஆள், முறுக்கிய மீசை. அந்த அம்மாளின் படத்தையும் விழுந்து கும்பிடுவதா வேண்டாமா என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, மூத்த புள்ள நீங்க. நீங்கதான் படைக்கணும்" என்றார் தம்பி.

அவர் மனைவி, எனக்கு அத்தை, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். ஆட்டுக்கறிப் பிரட்டல். வறுத்த கருவாடு. பெலாச்சான் என்கிற இறால் விழுதை மிளகாயோடு இடித்த சம்பல். அந்த வாடைக்கு அம்மாவின் முந்தானை மூக்குவரை போய், பிறகு நினைத்துக்கொண்டு கீழே இறங்கியது. ஒரு கோப்பை கறுப்புத் தேத்தண்ணி, பால் விடாத டீ. கடைசியாகத் தம்பி ஒரு கறுப்பு பீர் போத்தலைத் திறந்து இலையோரத்தில் வைத்தார்.

"இதெல்லாம் அவருக்கா?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு இதுதான் லா அக்கா."

அம்மா தட்டோடு நின்றாள். காலையில் அந்த வீட்டு அடுப்பில் சுட்ட அதிரசம். குனிந்து இலையில் வைக்கப்போனவளைத் தம்பி தயங்கித் தயங்கித் தடுத்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அப்பா இனிப்பே தொட மாட்டாரு. தேத்தண்ணிகூட சீனி இல்லாமத்தான்."

"சக்கரை வியாதியா?"

"வியாதிலாம் இல்ல லா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்தே அப்படித்தான். இனிப்ப எடுத்தாந்தா எந்திரிச்சுப் போயிடுவாரு."

"இல்ல தம்பி. அதிரசம்னா அவருக்கு உயிரு. எங்க மாமா சொன்னாரு. அப்பா எப்படி இருப்பாரு, அவருக்கு என்ன புடிக்கும்னு நான் நச்சரிக்கும்போதெல்லாம் இதத்தான் சொல்லுவாரு."

என் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. "அதிரசத்துக்கு உயிர விட்டது உங்க மாமாதானே?" என்றார். "ஒரு தீபாவளிக்காவது தட்டுல மிச்சம் வெச்சாரா மனுஷன்?"

எனக்கு முதலில் தாய்மாமன்மேல்தான் கோபம் வந்தது. ஓயாமல் நச்சரித்த பிள்ளைக்கு, சொல்ல ஒன்றும் தெரியாமலோ பிடிக்காமலோ, தனக்குப் பிடித்ததைச் சொல்லி வாயை அடைத்திருக்கிறார். நாற்பது வருடம் அதை உட்கார்ந்து தின்றும் இருக்கிறார். அம்மா தனியாக எடுத்துவைக்கும் அந்த முதல் அதிரசம் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். யார் எடுத்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை. அடுத்து அப்பாமேல் கோபம் வந்தது, இதைச் சொல்லக் கெடாவரைக்கும் வர வேண்டுமா என்று. அப்புறம் அதுவும் குழம்பிவிட்டது. தாத்தாவுக்கு இருபது வயதில் உண்மையிலேயே அதிரசம் பிடித்திருக்கலாம். இங்கே வந்தபின் அதைப் பார்க்கவே முடியாமல் போயிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் அழவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அதிரசங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கால் சிரித்தாள்.

"தம்பி, இன்னொரு இலை போடுப்பா."

"யாருக்கு அக்கா?"

"என்னை வளத்தவருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பொங்கல் படையல் அப்பா வழியில் இறந்தவர்களுக்கு. அம்மாவைப் பெற்றவளுக்கு, சுமங்கலியாகப் போனவள் என்பதால், ஒரு சேலை வைத்துப் படைப்போம். மனைவியின் தாய்மாமனுக்கு இலை போடுகிற வழக்கமில்லை. அவருக்கென்று ஒரு பிள்ளையும் இல்லை. அவர் இறந்தபின் இரண்டு பொங்கல் வந்து போயிருந்தன. யாரும் அவருக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அவர் மடியில் வளர்ந்தவள் நான்.

அத்தை தம்பியைப் பார்த்தார். "வேற குடும்பத்து ஆளுக்கு நம்ம வீட்ல போடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. தம்பி தலையைச் சொறிந்தார். அவருக்கும் தெரியவில்லை. தம்பி பின்பக்கம் போய் ஓர் இலை அறுத்துவந்து, தண்ணீர் தெளித்து, தாத்தாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டார்.

"படம் இருக்கா அக்கா?"

"இல்ல."

"பரவால்ல லா. அவருக்கு என்ன புடிக்கும்?"

"அதிரசம். ஓரம் கருகினதுதான் கேப்பாரு" என்றாள் அம்மா. "அப்புறம் பழைய சோறு, சுட்ட கத்திரிக்கா. மொச்சக்கொட்ட போட்ட கருவாட்டுக் குழம்பு, அன்னிக்கு வெச்சது ஆகாது, மறுநாளுதான். அவிச்ச கடலை, தோலோட. முருங்கக்கீரைய வதக்கி அதுல ஒரு முட்டைய உடைச்சு விடணும். காப்பி ஆறிப்போயிருக்கணும், சுடச்சுடக் குடுத்தா திட்டுவாரு. வெத்தலைல காம்பு கிள்ளக்கூடாது. கொய்யா, செங்காயா. பனங்கெழங்கு..."

அம்மா நிறுத்தவில்லை. முகம் நனைந்திருந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. கையில் கரண்டியோடு நின்றிருந்த அத்தை, வாழையிலையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா" என்றார், "ஒரு இலை பத்தாது லா."