குஷாய்குடா இருபது நிமிடம் பின்னால்

ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பேருந்து பிடித்துப் பேகம்பேட்டுக்குப் போய்வருகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் நின்றுபோனால் மக்கள் அழைக்கும் ஹெல்ப் டெஸ்க் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட்டாகக் கணினியில் ஏறும். அந்த டேட்டாபேஸைக் காப்பது என் பணி.

ஒரே தகவலை மூன்று இடங்களில் வைத்திருந்தோம். மூல சர்வரும், அடுத்த அறையில் அதன் பிரதியும் பேகம்பேட்டிலேயே இருந்தன. மூலத்தில் எது நிகழ்ந்தாலும் அதே கணத்தில் பிரதியிலும் நிகழும். மூன்றாவது பிரதி குஷாய்குடாவில். அங்கே போகும் லைன் மெதுவானது. ஆகவே அது எப்போதும் இருபது நிமிடம் பின்தங்கியே இருக்கும். எனக்கு அது பெரிய மனக்குறை. அதைக் கவனித்துக்கொள்பவர், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழும் ரயில்வே குடும்பத்துத் தமிழர். அவர் பேச்சில் ஊர் உருதுவும் கலந்து வரும். வேலைநாள்தோறும் அவரைத் தொலைபேசியில் நச்சரித்து வந்தேன். அன்று காலையும் அழைத்தேன்.

"இன்னிக்கும் இருபது நிமிஷமா?"

"ஹவ் சார், அதேதான். டென்ஷன் நக்கோ, விடுங்க. சாயங்காலம் புது லைன் மாத்திடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னேள்."

"எந்தச் சாயங்காலம்னு சொல்லலியே சார்!"

ஹெல்ப் டெஸ்கை எங்களிடம் ஒப்படைத்திருந்த லிஃப்ட் நிறுவனத்தார் அன்று மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. எங்கள் வேலையைப் பார்வையிட்டு, ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். தொடராவிட்டால் ஹெல்ப் டெஸ்கில் பதினொரு பேருக்கு வேலை இல்லை. அவர்களுக்குத் தலைவியான அம்மையார் காலையிலேயே என்னிடம் வந்தார்.

"சார், முடிஞ்சுபோன பழைய டிக்கெட்டை எல்லாம் கொஞ்சம் கழிச்சு விடுங்களேன். ஸ்கிரீன் திறக்கவே மாட்டேங்குது."

அதற்கான கட்டளையை எழுதிய தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கோவிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நாற்பது ஆண்டுகளாக நிற்பவன் நான். புத்தகம் பார்த்துச் சொல்பவரை நாங்கள் வெளியே காட்டாவிட்டாலும் உள்ளூரச் சற்று இளக்காரமாகவே எண்ணுவோம். அந்தப் பெருமிதத்தோடு கட்டளையையும் நினைவிலிருந்தே தட்டினேன். 'முடிந்தவற்றை மட்டும்' என்று வரம்பு கட்டும் கடைசி வரி விடுபட்டுப்போயிற்று.

கோஷ்டியில் ஒருவருக்கு அடி தவறினால், எதிர் வரிசையில் நிற்பவர் குரலை உயர்த்தி எடுத்துக்கொடுப்பார். பாசுரம் பங்கமின்றி நிறைவேறும். அடுத்த அறைப் பிரதிக்கு அந்த வழக்கம் இல்லை. நான் அழித்ததை அதே கணத்தில், எள்ளளவும் மாறாமல், அதுவும் அழித்து முடித்திருந்தது.

கூடத்தில் குரல்கள் எழுந்தன. "சார், என் ஸ்கிரீன் காலி!" "என்னுதும்!" அம்மையார் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சுத்தம் பண்ணச் சொன்னேன் சார். இவ்வளவு சுத்தமாவா?"

அப்போதுதான் குஷாய்குடா நினைவுக்கு வந்தது. என் பிழை இன்னும் அங்கே போய்ச் சேர்ந்திராது. வழியில்தான் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். குஷாய்குடாக்காரரை அழைத்தேன்.

"உடனே கேபிளைப் பிடுங்குங்கோ!"

"கைக்கு சார், எதுக்கு? வேகமா வரணும்னு நீங்கதானே தினம்..."

"முதல்ல பிடுங்குங்கோ!"

ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. "பிடுங்கிட்டேன். கையிலதான் வெச்சிருக்கேன்."

"புது லைன் மாத்தலையே?"

"டீ குடிச்சிட்டு மாத்தலாம்னு இருந்தேன் சார்..."

அந்தத் தேநீரை எம்பெருமானின் திருவருள் என்றே கொண்டேன். அவரது சோம்பலுக்கு மனத்துக்குள் ஒரு பல்லாண்டும் பாடினேன்.

குஷாய்குடாப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்கப் பிற்பகல் இரண்டாயிற்று. கடைசி இருபது நிமிடத்தில் பதிவானவை மட்டும் திரும்பவில்லை. யார் யார் அழைத்தார்கள் என்று பதினொரு பேரும் கலந்து பேசி, அவர்களைத் திரும்ப அழைத்துப் புகாரை மறுபடி கேட்டார்கள். "லிஃப்ட் ரெடின்னு சொல்லத்தான் கூப்பிடறீங்கன்னு ஓடி வந்தேனே!" என்று ஒரு பெண்மணி அலுத்துக்கொண்டது என் காதுக்கும் எட்டியது.

மூன்று மணிக்கு வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

அம்மையார் கைகூப்பினார். "எல்லாம்தான் வந்துருச்சே. தேவையா சார்?"

"அவா கம்பெனிக்கு வந்த புகார்ம்மா அது. நாம வெச்சுண்டு இருக்கோம், அவ்வளவுதான்."

ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், இழுப்பறையில் கிடந்த தாளும் தேநீரும் உட்பட. வந்தவர்களில் மூத்தவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். அம்மையார் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு அந்தப் பெரியவர் கேட்டார்: "அப்போ அந்த மூணாவது காப்பி லேட்டா வர்றது, நீங்க திட்டம் போட்டுச் செஞ்சதில்லையா?"

"இல்லை. அதை எப்படியாவது ஒழிக்கணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன்."

அவர் சிரிக்கத் தொடங்க, அம்மையாரின் பேனா ஓய்ந்தது.

மறுநாள் ஒப்பந்தம் வந்தது. இரண்டு புதிய நிபந்தனைகள் சேர்ந்திருந்தன. குஷாய்குடாப் பிரதி என்றும் அரைமணி நேரம் தாமதமாகவே இயங்க வேண்டும் என்பது முதலாவது. "இனிமே சீக்கிரம் வந்தா நான் குத்தவாளியா சார்?" என்று தொலைபேசியில் புலம்பினார் குஷாய்குடாக்காரர். எதை நீக்கும் கட்டளையையும் எவரும் தனியே இடலாகாது, ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க மற்றவர் தட்ட வேண்டும் என்பது இரண்டாவது. அம்மையார் அதை உரக்கப் படித்தபோது பதினொரு பேரும் என் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு அவர் தாளை என் முன்தான் நீட்டினார்.