நாலாவது கட்டத்தில் கேப்போ

ரோகிணி பேசினால் எந்த வித்தியாசமும் தெரியாது. பாடினால்தான் தெரியும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேல்ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது. நரம்பில் பாதிப்பு, குரல் தானாகத் திரும்பினால் உண்டு என்றார் டாக்டர்.

2006இல் அவளும் கணவன் ஜகதீசனும் ஹைதராபாத்தில், உப்பல் பகுதியில் குடியிருந்தார்கள். மதுரைக்காரர்கள், ஒரே மென்பொருள் கம்பெனியில் வேலை. கம்பெனி விழாக்களில் அவன் கிடார், அவள் பாட்டு. கேப்போ என்பது கிடார் கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கிளிப். அதை ஒரு கட்டம் ஏற்றினால் சுருதி அரைப்படி ஏறும். அவள் பாட்டுக்கு அது எப்போதும் நாலாவது கட்டத்தில்தான்.

அதை அவன் இரண்டாவதற்கு இறக்கிய அன்று அவள் எழுந்துவிட்டாள்.

"நாலுல முடியலைன்னா நான் பாடவே வேணாம்."

அடுத்த ஞாயிறு அவள் குளிக்கப் போனபோது, ஆறு கம்பிகளையும் சம அளவில் தளர்த்தினான். கேப்போ நாலிலேயே இருந்தது. விரல் பிடிகளும் மாறவில்லை. சுருதி மட்டும் இறங்கியிருந்தது. சரணத்தின் உச்சியை அவள் தொட்டுவிட்டாள்.

"ஏங்க, வந்துடுச்சு" என்று அழுதாள். அவன் மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் தளர்த்தினான்.

ஆண்டுவிழாவுக்கு அவளே பெயர் கொடுத்தாள்.

"கொஞ்ச நாள் போகட்டுமே" என்றான்.

"எதுக்கு? நாலுலதானே பாடுறேன்."

ஒத்திகையில் கீபோர்டு வாசித்தவர் சந்திரசேகரன், ஹைதராபாத்திலேயே பிறந்த தமிழர். பழைய சுருதியில் தொடங்கினார். கிடார் சேர்ந்ததும் அபஸ்வரம்.

"நக்கோ, வேணாம், நிறுத்துங்க. கிடார் ரொம்ப இறங்கிக் கிடக்கு, ஜகதீசன். மேடம் சுருதி இதுதானே?" என்று ஒரு கட்டையை அழுத்தினார்.

ரோகிணி அந்தச் சுருதியில் பாடினாள். உச்சியில் காற்றுதான் வந்தது. கேப்போவைப் பார்த்தாள், பிறகு கணவன் முகத்தை.

ஆட்டோவில் கேட்டாள்: "எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து."

"டாக்டர் சொன்னதைத் தாங்கிக்கிட்டேன். குரல் வந்துடுச்சுன்னு அம்மாவுக்கு போன்ல பாடிக் காட்டினேனே."

"கீழ் சுருதியிலயும் நல்லாத்தான் இருந்துச்சு, ரோகிணி."

அது உண்மைதான். மறுநாள் அவள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுப்படியில் முணுமுணுப்பதுகூட நின்றுபோனது. மன்னிப்புக் கேட்டபோதெல்லாம், "பரவாயில்லை, விடுங்க" என்பாள். அந்தச் சொல்லுக்கு அவன் பயந்தான்.

மறுவருடம் மகன் பிறந்தான். தாலாட்டு இல்லாமல், முதுகில் தட்டித் தட்டியே அவனைத் தூங்க வைத்தாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆகும். ஜகதீசன் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.