ஸ்டாப்காக்கை மூடுங்கடா!

மூன்றாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று. அவளுக்கு மட்டும் முப்பத்திரண்டு. அதனால் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியரே "அக்கா, அந்த பீக்கரை எடுங்க" என்பார். ஒருவரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

அக்காவின் புருஷன் டயர் கடை வைத்திருந்தான். லாரிச் சக்கரங்களைக் கழற்றிக் கழற்றி உரமேறிய கை. அந்தக் கை ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவளுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டையும் இடது சுண்டுவிரலையும் பதம் பார்த்திருந்தது. விரல் இன்றுவரை மடங்காது. அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு ஓடி வருவாள். "கோபக்காரன்தான், ஆனா நல்லவன்" என்று அண்ணன் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவான். அப்படி என்ன நல்லவனோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடைசி முறை அவள் வாசல் நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"சரி, மூணு வருஷம் படி. பாஸ் பண்ணி வேலைக்குப் போனா இங்கயே இரு. ஒண்ணுல ஃபெயிலானாலும் அவன் வீட்டுக்குத்தான்."

இரண்டரை வருஷம் ஒன்றிலும் தோற்கவில்லை. மிச்சமிருந்தது புராஜெக்ட். வேலியோரச் செடி ஒன்றின் வேர்ப்பட்டையிலிருந்து மஞ்சள் பொருள் ஒன்றைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். மூன்று மாதம் பட்டையை இடித்தாள், சாக்ஸ்லெட் என்ற வடிகருவியில் போட்டு ஆல்கஹாலில் நாள் கணக்காகச் சாறு இறக்கினாள். மிஞ்சியது ஒரு கரண்டி பழுப்புப் பிசின். அதை, வெள்ளை சிலிகாத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் ஏற்றி, அடியிலுள்ள ஸ்டாப்காக் என்ற திருகைத் திறந்து, மேலே கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருந்தால், கலந்து கிடப்பவை தனித்தனி நிறமாகப் பிரிந்து கீழே இறங்கும். நடுவில் குழாய் மட்டும் காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் தூள் பிளந்து, பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்து, மூன்று மாத உழைப்பும் அம்போ. "பாதியை எடுத்து வைங்கக்கா" என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா மொத்தத்தையும் ஏற்றிவிட்டாள். அவ்வளவு பிடிவாதம்.

லேப் நோட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. நடந்ததை நடந்த நேரத்தோடு அப்போதே மையால் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தின் அடியில், பார்த்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்பது வருஷம் அவளுக்கு நடந்ததை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அன்று காலை பதினொரு மணிக்கு மஞ்சள் பாதிக் குழாய் வரை இறங்கியிருந்தது. டயர் நெம்பும் கம்பியோடு அவன் உள்ளே வந்தான்.

"படிச்சுக் கிழிச்சது போதும், நடடி வீட்டுக்கு!"

முதல் வீச்சில் மேஜையிலிருந்த குடுவைகள் நொறுங்கின. அடுத்தது அவள் தோளில் இறங்கியது. கம்பியைப் போட்டுவிட்டு மூக்கில் குத்தினான், கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை, சதை பிய்ந்தது. குழாயில் ஊற்ற அவள் மறுகையில் வைத்திருந்த கரைப்பான், எத்தில் அசிடேட், அவன் மூஞ்சியில் கொட்டியது. "ஆசிட்! ஆசிட்!" என்று அலறினான். நகப்பூச்சு வாசனை அடிக்கிற சமாச்சாரம், அது ஆசிட்டாம். அலறிக்கொண்டே அவளைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தை நெரித்தான். பிள்ளைகள் விறைத்துப்போய் நின்றார்கள். நெரிபடும் தொண்டையிலிருந்து அக்கா கத்தினாள்.

"ஸ்டாப்காக்கை மூடுங்கடா!"

காப்பாற்றச் சொல்லவில்லை. ஊற்ற ஆளில்லாமல் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்தால் திரும்பவும் இந்தக் கைக்குள்தான் போக வேண்டும் என்பது அவளுக்குத்தானே தெரியும்! ஒருத்தி பாய்ந்து மூடினாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. லேப் அட்டெண்டர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அவனை இழுத்துப் போனதும் அக்கா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு எழுதினாள்.

'11.12: கணவர் தாக்கினார். கம்பி, முஷ்டி, கழுத்து. ஸ்டாப்காக் மூடப்பட்டது. 11.53: ரத்தம் நின்றது. ஸ்டாப்காக் திறக்கப்பட்டது.'

அட்டெண்டர் கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு சொட்டியதைப் பிடித்த சோதனைக் குழாய்களில் முதல் இரண்டும் கலப்பு. அடுத்த ஒன்பதும் பரிசோதனைத் தட்டில் ஒரே புள்ளி, சுத்தமான மஞ்சள். கரைப்பானை ஆவியாக்கிவிட்டு நிறுத்தால் அறுபத்திரண்டு மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் பாஸுக்கு அது போதும்.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில். டயர் கடைக்காரன் கட்டுப்போட்ட கையோடு அழுதான்.

"இதுவரைக்கும் இவ மேல கை வெச்சதே இல்ல மேடம். இன்னிக்கு ஏதோ ஆத்திரம்."

இன்ஸ்பெக்டரம்மா நோட்டை இரண்டு முறை படித்தாள். "இது இன்னிக்கு நடந்தது. முன்னாடி அடிச்சதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா?"

"விடும்மா, சமாதானமாப் போயிடலாம்" என்று அண்ணன் தங்கையின் காதோரம் முணுமுணுத்தான். அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

'தாமதப் பதிவு. எட்டு வருஷத்துக்கு முன், கடைவாய்ப் பல் இரண்டு. காயத்தைப் பார்த்தவர்: அண்ணன். தாமதத்துக்குக் காரணம்: அப்போது நோட்டு இல்லை.'

நோட்டை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"நான் எப்படிம்மா..."

"பல்லைக் கர்ச்சீஃப்ல சுத்தி டாக்டர்கிட்ட எடுத்துட்டு வந்தது நீதானேண்ணா."

அண்ணன் மச்சானைப் பார்த்தான். பிறகு தங்கையின் வீங்கிய முகத்தைப் பார்த்தான். அன்றைக்கும் அந்த முகத்தைப் பார்த்தவன்தான், பார்த்துவிட்டுத்தான் மூன்றாம் நாள் கொண்டுபோய் விட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"தேதியும் போடுண்ணா" என்றாள் அக்கா. "இன்னைத் தேதி. லேட்டாத்தான் போட்டோம்னு தெரியட்டும்."