ரிடார்ட்டுக்குள் ஒரு துபாய் பெட்டி

நுண்ணுயிர் ஆய்வக வேலையில் எதிரி கண்ணுக்கே தெரியமாட்டான், அவனைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்தான் எதிரே உட்கார்ந்து "ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தூத்துக்குடியில், கப்பலேறப் போகும் இறாலும் மீனும் வந்து போகிற ஒரு தனியார் ஆய்வகத்தில் எனக்கு உத்தியோகம். முடிவு சொல்லும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் அவசரத்தையெல்லாம் தலையில் வாங்கிக்கொள்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி. மேலே படியுங்கள்.

உப்பிய பாக்கெட்

காயல்பட்டினத்து மர்யம் லாத்தா பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பூரி மாதிரி உப்பியிருந்தது. உள்ளே சூரைமீன் குழம்பு. அவர் கணவர் காசிம் காக்கா கல்யாணமான நாளிலிருந்து துபாயில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். இந்த லீவில் வந்தபோது இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, குழம்பைப் பாக்கெட்டில் அடைத்து ஏற்றுமதி செய்வதென்று இறங்கிவிட்டார்கள். துபாயில் வாங்கவும் ஆள் தயார். குழம்பு கெடாமல் நின்றால் காக்கா ஊரிலேயே இருப்பார். நிற்காவிட்டால் லீவு முடிந்ததும் மறுபடி விமானம்தான்.

அந்தச் சரக்கில் ஒன்றைக்கூட யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, "நல்லா கொதிக்க வச்சீங்களா லாத்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தங்கச்சி, குழம்பையும் கொதிக்க வச்சேன், அடைச்ச பாக்கெட்டையும் வெந்நியில போட்டுக் கொதிக்க வச்சேன், இனி என்னையத்தான் கொதிக்க வைக்கணும்!"

ஊதாச் சாயம்

பாக்டீரியாவை அடையாளம் காண முதல் வழி சாயம் போடுவது. சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதைத்தான் அது தன் உடம்பைச் சுற்றிச் சுவராகக் கட்டிக்கொள்கிறது. சிலதுக்குச் சுவர் தடிமன், சிலதுக்கு மெல்லிசு. ஊதாச் சாயம் ஏற்றி ஆல்கஹாலில் கழுவினால், தடித்த சுவர்க்காரன் ஊதாவை விடமாட்டான். மெல்லிய சுவர்க்காரன் விட்டுவிட்டு, அடுத்து ஊற்றும் சிவப்பை ஏற்று ரோஸாகிவிடுவான். கழுவுவதுதான் வித்தை. கொஞ்சம் கூடுதலாகக் கழுவினால் எல்லோருமே ரோஸ்தான்.

எங்கள் டெக்னீஷியன் செல்வின் நாசரேத்காரன். நாசரேத்திலிருக்கும் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே லாத்தாவின் ஸ்லைடைக் கழுவி, "எல்லாம் ரோஸ்" என்று அறிவித்தான். நான் நம்பவில்லை. மெல்லிய சுவர்க்காரர்கள் அந்தக் கொதியில் எப்போதோ செத்திருப்பார்கள். புதிதாக வளர்த்து நானே சாயம் போட்டேன். நல்ல ஊதாக் குச்சிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சாயமே ஏறாமல் பளிச்சென்று ஒரு முட்டை வடிவம். அதுதான் ஸ்போர். செல்வின் மைக்ராஸ்கோப்பைவிட்டு எழுந்திரிக்கவே இல்லை.

"எக்கா, கொதிக்கிற தண்ணியில முங்கிட்டு வந்தும் இவனுக்குத் தலைகூட நனையலியே!"

பெட்டி கட்டுகிற கலை

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். காக்காவுக்குப் பாக்டீரியா மேல் நம்பிக்கை இல்லை. பாக்கெட்டின் பிளாஸ்டிக் மேல்தான் சந்தேகம். எனக்கோ இதை விளக்குவதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"மல்லியிலயும் மிளகிலயும் ஒட்டுன மண்ணோட வாரவன் இவன். சாப்பாடு தீரப்போவுதுன்னு தெரிஞ்சா உடம்போட ஒரு ஓரத்துல சின்னதா ஒரு அறை தடுப்பான். தன் குரோமோசோம்ல ஒரு பிரதியை அதுக்குள்ள இழுத்து வைப்பான். அப்புறம் பெரிய அறை அந்தச் சின்ன அறையை விழுங்கி, அதைச் சுத்தி ஓடு மேல ஓடா கட்டி, உள்ள இருக்கிற ஈரத்தையும் வடிச்சிட்டு, கடைசியில தானே வெடிச்சுச் செத்துப்போவும். மிச்சம் நிக்கிறதுதான் ஸ்போர். வருஷக்கணக்கா சும்மா கெடக்கும். காத்துப்போகாத பையில வெதுவெதுப்பா குழம்பு கெடைச்சா முழிச்சு, அதைத் தின்னு, வாயு விட்டுப் பையை உப்ப வச்சிரும்."

குரோமோசோம் என்பது அதன் உடம்பைவிடப் பல நூறு மடங்கு நீளமான இழை என்றும், முறுக்கி மடக்கிப் புரதத்தால் கட்டிவைத்திருக்கும் என்றும், ஸ்போருக்குள் இன்னும் இறுக்கம் என்றும் சொன்னேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். துபாயில் அவர்கள் அறையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி கட்டிக் கொடுப்பது அவர்தானாம்.

"நம்ம தொழில்லா இது! சந்து தெரியக் கூடாது, குலுக்குனா சத்தம் வரக் கூடாது."

மஞ்சள்

கொதிநிலைக்கு அசையாதவனை அதற்கு மேலே கொண்டுபோய்த்தான் கொல்ல வேண்டும். அதற்கு ரிடார்ட் என்று ஒரு யந்திரம், பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா. பக்கத்து மீன் கம்பெனியில் பேசி, புதிய சரக்கை அதில் ஏற்ற ஏற்பாடு செய்தேன். சில பாக்கெட்டுகளுக்குள் சின்ன ஆம்பியூல்கள், அதாவது வாய் மூடிய கண்ணாடிக் குப்பிகள், வைத்தோம். அவற்றுக்குள் சூட்டுக்கு லேசில் மசியாத ஸ்போர்கள் ஊதாத் திரவத்தில் கிடக்கும். வெந்தபின் எடுத்துச் சூட்டில் வளர்த்தால், செத்திருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும். பிழைத்திருந்தால் மஞ்சள்.

மறுநாள் மஞ்சள். ஆம்பியூல்தான் கோளாறு என்றார் கம்பெனி ஆபரேட்டர். யந்திரம்தான் கோளாறு என்றான் செல்வின். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஓரத்துப் பாக்கெட்டுகளில் எல்லாம் ஊதா, நட்டநடுவில் மட்டும் மஞ்சள். "தட்டுல அடுக்குனது யாரு?" என்று கேட்டேன். காக்கா பெருமையாக முன்னால் வந்தார். பாக்கெட் மேல் பாக்கெட் வைத்து, மூலைக்குள் சின்னதைச் செருகி, கையால் அமுக்கி, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் துபாய் பெட்டியே கட்டியிருக்கிறார். நடுவிலிருந்தவர்களுக்குச் சூடு போய்ச் சேரவே இல்லை.

லீவு முடிய நாள் நெருங்கியிருந்தது. லாத்தா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அது சூட்கேஸ் இல்ல, அடுப்பு! அனலு போவ வழி வேணாமா?"

சும்மா விட்ட இடம்

இரண்டாவது தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். தட்டுக்கு ஒரே வரிசை, பாக்கெட்டுக்குப் பாக்கெட் இடைவெளி. காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்துக் காக்கா பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. இரண்டு தடவை கை தானாகப் போய் ஒரு பாக்கெட்டை நகர்த்தியது. தட்டிவிட்டேன்.

ஆம்பியூல் அத்தனையும் ஊதா. அதோடு விடவில்லை. பாக்கெட்டுகளைச் சூடான பெட்டிக்குள் வைத்து, உப்புகிறதா என்று பார்க்க வேண்டும். காக்கா தினமும் திருச்செந்தூரிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து வந்து, கண்ணாடிக் கதவு வழியே அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார். முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கதவருகே அந்த மனிதர் நிற்கிற நிற்பைப் பார்த்து, நானும் கூடப்போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

கெடு முடிந்து எடுத்தபோது பாக்கெட்டுகள் தட்டையாகவே இருந்தன. வெட்டி வளர்த்துப் பார்த்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் லாத்தா அழுதுவிட்டார். காக்கா ஒரு பாக்கெட்டை எடுத்து நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து விமான டிக்கெட்டை எடுத்து லாத்தாவிடம் கொடுத்தார்.

"இந்தத் தடவ பெட்டி மட்டும் துபாய்க்குப் போவட்டும், நான் இங்கன இருக்கேன்."

'எதுவும் வளரவில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே அடுத்தவர் பிழைப்பை வளர்க்கிற உத்தியோகம், ஐயா, எங்களுடையது.